வேகும் நேரம்

கூட்டக் குறிப்பை அடித்துக் கொடுப்பது என் வேலை.
யார் வந்தார், யார் வரவில்லை,
தேநீர்ச் செலவு எவ்வளவு.
சோலப்பட்டுப் பஞ்சாயத்துக் கட்டடத்தில்
மின்விசிறி சுற்றாத ஒரு செவ்வாய்க்கிழமை
வேலூரிலிருந்து காஞ்சனமாலா வந்தாள்,
கையில் பேனா அளவில் ஒரு கருவி,
நாற்பத்தொரு கிணற்றில் முக்கி எடுத்த
நாற்பத்தொரு எண்கள்.

பச்சையம்மாள் உட்கார்ந்தபடியே சொன்னாள்:
"உன் பேனா இன்னா சொல்றது,
என் குண்டான் சொல்லுது.
முனிரத்தினம் கெணத்துத் தண்ணியில
ரெண்டு மணி நேரம் வெச்சாலும் பருப்பு வேவாது.
கல்லு கல்லா நிக்கும்."

காஞ்சனமாலா எழுதிக்கொண்டாள்.
எட்டிப் பார்த்தேன்:
'கருத்துகள்' என்ற கட்டத்தில்.
பச்சையம்மாளும் எட்டிப் பார்த்தாள்.
அவளுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும்.
"கருத்து இல்லம்மா அது. அடுப்பு."

அடுத்த மாதம்
ரேஷன் பருப்பு ஒரே மூட்டை,
ஒரே ஆழாக்கு, ஒரே பாத்திரம்,
ஷமீம் பானுவின் செல்போனில் கடிகாரம்.
நான்கு நாள் வெந்தது. ஊரே பருப்பு தின்றது.
எண் ஏற ஏற நேரமும் ஏறியது,
ஏறக்குறைய.
(ஏறக்குறைய என்பதை அடிக்கோடிடச் சொன்னாள் காஞ்சனமாலா.)

மசூதித் தெருக் கிணற்றுத் தண்ணீரில்தான்
முதலில் மலர்ந்தது பருப்பு.
பேனாவும் அதற்குத் தலையாட்டியது.
ஷமீம் பானு பெருமையாகச் சுற்றிப் பார்த்தாள்.
புட்டியில் வேலூர் போன அதே தண்ணீர்
பத்து நாளில் தாளாகத் திரும்பியது:
குரோமியம்.
பருப்புக்குத் தெரியாது அது. பேனாவுக்கும்.
ஷமீம் பானு தன் மூன்று பிள்ளைகளின் பெயரை
ஒவ்வொன்றாகச் சொன்னாள்.
வேறெதுவும் சொல்லவில்லை.
கூட்டக் குறிப்பில் அதை எப்படி அடிப்பது?

தோல் ஷெட்டில் சுண்ணாம்புக் குழியில் நிற்கும் ஒருவர்
(பெயர் வேண்டாம் என்றார், இங்கேயும் வேண்டாம்)
கூட்டம் கலைந்த பிறகு வந்தார்.
"நீ பகல்ல வர்ற.
மழ புடிச்சா ராத்திரி ரெண்டு மணிக்கு வா."
வந்தாள்,
அப்பாவின் ஸ்கூட்டரில், பொத்தான் போன மழைக்கோட்டில்.
பாலாற்று மணலில் டார்ச் வெளிச்சம் தடுமாற
புட்டிகளில் மணி எழுதினாள்:
2.10. 2.40. 3.05.
அந்த எண்கள் வேறு.

சார் ஆட்சியர் நல்லவர். அவசரக்காரர்.
"ஒரு எண் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்."
ஒரு எண்ணா?
வாசலுக்கு வந்து எங்களுக்குள் சண்டை.
பருப்பை எடுத்தால் நான் வரமாட்டேன் என்றாள் பச்சையம்மாள்.
இரவை எடுத்தால் பொய் என்றாள் காஞ்சனமாலா.
ஷமீம் பானு சண்டையில் இல்லை.
காலையிலேயே முள் வெட்டிக்
கிணற்றின் வாயில் போட்டுவிட்டு வந்திருந்தாள்.
கையில் கீறல்.

அன்றிரவு படிவத்தில் மூன்று பத்திகள் சேர்த்தேன்.
வேகும் நேரம். எடுத்த மணி. யார் குடிக்கிறார்கள்.
யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.
'ஆய்வாளர்' என்ற கட்டம்
ஒரே பெயருக்கான அகலம்.
எழுத்தைச் சுருக்கிப் பார்த்தேன்;
எறும்பு ஊர்வதுபோல் இருந்தது.
பழையபடி பெரிதாக்கி
கட்டத்தை இழுத்தேன்,
அடுத்த பக்கம் போனால் போகட்டும் என்று.

நாற்பது நாள் கழித்துக் கோப்பு திரும்பி வந்தது.
ஓரத்தில், பச்சை மையில், ஒரே கேள்வி:
"எந்தப் பருப்பு? ஊறவைத்ததா?"

அலுவலகத்தில் சிரித்தார்கள்.
பச்சையம்மாள் சிரிக்கவில்லை.
"சமைக்கத் தெரிஞ்ச ஆளு" என்றாள்,
என் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து.
"எழுது. தொவரம் பருப்பு. ஊற வெக்கல."
அடித்தேன்.
"மசூதித் தெருவுக்குத் தண்ணி லாரி
எப்போ வருதுன்னு நாமளும் ஒண்ணு கேப்போம்."
அதையும் அடித்தேன்,
அதே தாளில்,
அதே அளவு எழுத்தில்.